வீட்டு டியோடரன்ட் பூசி அக்குள் சிவந்துவிட்டதா? சோடாவைப் பாருங்கள்

ஆப்ப சோடாவை உடனே நிறுத்துங்கள். தேங்காய் எண்ணெயும் சோடாவும் சரிபாதியாகக் குழைத்துப் பூசியதில் மூன்றாம் நாளே அக்குள் சிவந்து அரிக்கிறது என்கிறீர்கள். தோல் லேசான அமிலத்தன்மை உடையது, பிஎச் (அமில-கார அளவு; 7-க்குக் கீழே அமிலம், மேலே காரம்) 5 பக்கம். சோடாவோ 8-க்கு மேல். மியான்மரின் ஏப்ரல் மாதத் தண்ணீர்த் திருவிழா நேரத்து யாங்கோன் வெயிலில் வியர்வை ஊற ஊற அது எரிக்கத்தான் செய்யும். எனக்கும் இப்படி ஆகி, இரண்டு நாள் கையை ஒட்டி வைக்க முடியவில்லை.

சந்தேகம் இருந்தால், தோல் ஆறிய பிறகு ஒரு முழங்கையின் உள்மடிப்பில் வெறும் எண்ணெயும் மற்றதில் பழைய கலவையும் துளி தடவி ஒரு நாள் பாருங்கள். எண்ணெய் பட்ட இடமும் சிவந்தால் காரணம் வேறு.

அப்புறம் புதுக் கலவை: எண்ணெய் 3 கரண்டி, சோள மாவு 3 கரண்டி, சோடா கால் தேக்கரண்டி மட்டும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரியிலேயே உருகிவிடும், அதனால் 1 கரண்டி தேன்மெழுகை உருக்கிச் சேருங்கள். பழைய ஜாம் பாட்டிலே போதும். விரலில் தேய்த்தால் நறநறக்கக் கூடாது.

தனக்கா (மியான்மரில் முகத்தில் பூசும் மரப்பட்டைக் குழைவு) சேர்க்கலாமா என்று கேட்டீர்கள். ஆறும்வரை எதுவும் வேண்டாம். முடி மழித்த அன்றும் பூசாதீர்கள். இது நாற்றத்தைத்தான் குறைக்கும், வியர்வையை நிறுத்தாது. கொப்புளம் வந்தாலோ ஒரு வாரத்தில் ஆறாவிட்டாலோ டாக்டரிடம் காட்டுங்கள்.