மூளைக்குள் மின்தூண்டல்: பார்க்கின்சன் நோயாளிக்கு எப்போது பொருந்தும்?

கேள்வி: சேரன்மகாதேவியில் வசிக்கிறோம். 62 வயதான என் அப்பா ஒன்பது ஆண்டுகளாகப் பார்க்கின்சன் நோய்க்கு மாத்திரை சாப்பிட்டு வருகிறார். முன்பு ஒரு வேளை மாத்திரை ஐந்தாறு மணி நேரம் தாங்கும். இப்போது இரண்டரை மணி நேரத்திலேயே கை கால் இறுகிவிடுகிறது. மருந்து வேலை செய்யும் நேரத்திலோ உடம்பு தானாக நெளிகிறது. மூளையில் கரண்டு வைத்தால் சரியாகும் என்று உறவினர்கள் சொல்கிறார்கள். அது ஷாக் சிகிச்சை என்று அம்மா பயப்படுகிறார். என்ன செய்யலாம்?

பதில்: இரண்டும் வேறு என்பதை அம்மாவிடம் முதலில் சொல்லுங்கள். மனநல மருத்துவத்தில் தரப்படும் ஷாக் சிகிச்சையில், மயக்க மருந்து கொடுத்தபின் தலைவழியே சில விநாடிகள் மின்சாரம் செலுத்தி வலிப்பை வரவழைக்கிறார்கள். உங்கள் உறவினர்கள் குறிப்பிடும் ஆழ்மூளைத் தூண்டல் ஓர் அறுவை சிகிச்சை. மண்டையோட்டில் சிறு துளையிட்டு, மெல்லிய மின்முனையை மூளையின் ஆழத்தில் இயக்கத்தைக் கட்டுப்படுத்தும் பகுதியில் பொருத்தி, தோலுக்கடியில் ஓடும் கம்பியால் மார்பில் பதிக்கப்பட்ட பேட்டரிக் கருவியோடு இணைக்கிறார்கள். அக்கருவி விநாடிக்கு ஏறத்தாழ 130 முறை நுண்ணிய மின்துடிப்புகளை அனுப்பி, அங்கே சீர்குலைந்திருக்கும் நரம்புச் செயல்பாட்டை மாற்றுகிறது. பிரான்சின் கிரெநோபில் நகரில் மூளை அறுவை மருத்துவர் அலிம் லூயி பெனபிட் 1987இல் நடுக்கத்துக்காகத் தொடங்கிய இம்முறைக்கு, பார்க்கின்சன் நோயில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2002இல் அனுமதி அளித்தது.

உங்கள் அப்பாவுக்கு இது பொருந்துமா என்பதற்கான பெரும்பகுதி விடை, அவர் சாப்பிடும் மாத்திரையிலேயே இருக்கிறது. முதல்நாள் இரவிலிருந்து மருந்தை நிறுத்தி, காலையில் அவருடைய நடை, இறுக்கம், கைவேகம் ஆகியவற்றை மதிப்பெண் இட்டு அளந்து, பின்பு பார்க்கின்சனுக்கான முதன்மை மருந்தான லெவோடோபா மாத்திரை கொடுத்து மீண்டும் அளப்பார்கள். இச்சோதனையை மருத்துவமனையில் மட்டுமே செய்ய வேண்டும். மருந்தை வீட்டில் திடீரென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம். மருந்துக்குப்பின் குறைந்தது 30 விழுக்காடாவது முன்னேற்றம் தெரிந்தால், அறுவை சிகிச்சையிலும் பலன் எதிர்பார்க்கலாம். மாத்திரை நன்றாக வேலை செய்யும் வேளையில் அவர் எப்படி இருக்கிறாரோ, அந்த நிலையை நாளின் கூடுதல் நேரத்துக்கு நீட்டித்துத் தருவதே இச்சிகிச்சை. மாத்திரைக்கு அடங்காத நடுக்கம் மட்டும் இதற்கு விலக்கு. அதுவும் பெரும்பாலும் குறையும். ஆனால் நல்ல வேளையிலும் அவர் நிலைதடுமாறி விழுகிறார், பேச்சு குழறுகிறது, ஞாபகம் தப்புகிறது என்றால் அவை சரியாகா. பேச்சும் நினைவாற்றலும் மேலும் மோசமாகவும் கூடும். நோய் உள்ளே வளர்வதை இது நிறுத்தும் என்பதற்குச் சான்று இல்லை. இதை மறைத்து எவரேனும் முழுக் குணம் என்று வாக்களித்தால் அங்கே முன்பணம் கட்டாதீர்கள்.

நீங்கள் விவரிக்கும் நிலை, அதாவது மருந்து நன்கு வேலை செய்தும் நேரம் சுருங்கி, நெளிவு சேர்ந்திருப்பது, இச்சிகிச்சைக்குப் பரிசீலிக்க வேண்டிய நிலைதான். அதற்குமுன் மாத்திரையின் அளவையும் இடைவெளியையும் திருத்திப் பார்க்க வேண்டும். சோற்றோடு பருப்பும் மீனும் சாப்பிட்ட கையோடு மாத்திரை போட்டால், புரதம் மருந்தை உறிஞ்சவிடாமல் போட்டியிடும். ஆகவே உணவுக்கு அரைமணி முதல் ஒரு மணி நேரம் முன்பே கொடுங்கள். நாட்டு மருந்தாகப் பூனைக்காலி விதைப்பொடி சாப்பிடுகிறாரா என்று கேளுங்கள். அதில் லெவோடோபாவே இருப்பதால், மருத்துவருக்குத் தெரியாமல் சேரும்போது நெளிவு கூடும்.

மூன்று நாட்களுக்கு ஒரு நோட்டில், மாத்திரை போட்ட நேரம், சாப்பிட்ட நேரம், இறுகிய நேரம், நெளிந்த நேரம் ஆகியவற்றைக் குறித்து, இரு நிலைகளையும் கைப்பேசியில் படம்பிடித்து, பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையின் நரம்பியல் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். அறுவை சிகிச்சை தேவை என்று அவர்கள் கருதினால், இயக்கக் கோளாறுகளுக்கெனத் தனிக்குழு உள்ள திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் நமக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது.

செலவு பல லட்சம் ஆகும். சாதாரண பேட்டரியைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றும் செலவும் உண்டு. நூற்றில் ஓரிருவருக்கு மூளையில் இரத்தக்கசிவு நேரலாம். கருவி பதித்த இடத்தில் கிருமித்தொற்றும் வரக்கூடும். அறுவை முடிந்தபின் சில மாதங்கள் திரும்பத் திரும்பச் சென்று மின்அளவைச் சீரமைக்க வேண்டியிருப்பதால், கூடப் போய்வர ஆள் இருக்கிறாரா என்பதையும் இப்போதே வீட்டில் பேசிக்கொள்ளுங்கள். கருவி பொருத்தியவருக்கு, மூட்டுவலிக்காகப் பிசியோதெரபி நிலையங்களில் தரப்படும் ஷார்ட்வேவ் டயதெர்மி என்ற வெப்ப சிகிச்சை ஒருபோதும் கூடாது. அந்த வெப்பம் மின்முனை வழியே மூளைத் திசுவையே அழித்துவிடும்.