ஸ்டியரிங் இறுகிய படகு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

மழைக்காலம் முடிந்து படகுகளை மறுபடி தண்ணீரில் இறக்கும் நாள்களில் எனக்கு வருகிற கேள்விகளில் பாதி ஸ்டியரிங் பற்றித்தான். கையால் பிடித்து ஓட்டும் 9.9 குதிரைத்திறன் மோட்டார் வள்ளங்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது. சுற்றுலாப் படகு, டைவிங் படகு, ரோந்துப் படகு என்று சக்கரம் வைத்து ஓட்டுகிறவர்களுக்கானவை இந்தப் பதில்கள்.

ஐப்பசியிலிருந்து படகு கரையில் கிடந்தது. இப்போது சக்கரம் அசையவே மாட்டேன் என்கிறது. பலம் போட்டுத் திருப்பலாமா? மெக்கானிக் பார்க்காமலே கேபிள் மாற்றணும் என்கிறார். – ராமேஸ்வரம்

பலம் மட்டும் போடாதீர்கள். சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் பல்சக்கரப் பெட்டியான ஹெல்மின் பல் உடைந்தால் செலவு இரண்டாகிவிடும்.

முதலில் மோட்டாரையும், சக்கரத்தின் திருப்பத்தை அதற்குக் கொண்டுபோகும் கேபிளையும் பிரியுங்கள். கேபிளின் நுனியில் இருக்கும் கம்பியையும் மோட்டாரின் ஸ்டியரிங் கையையும் ஒரு சிறிய இணைப்புத் தண்டு சேர்த்திருக்கும். அதன் போல்ட்டைக் கழற்றிவிட்டு மோட்டாரைக் கையால் இடவலமாகத் தள்ளிப் பாருங்கள். வழுவழுவென்று திரும்பினால் மோட்டார் நல்லது. திரும்பாவிட்டால் மோட்டார் சுழலும் பிராக்கெட்டில் கிரீஸ் காய்ந்திருக்கிறது. அங்கே கிரீஸ் ஏற்றுவதற்கான சிறு முனை, அதாவது கிரீஸ் நிப்பிள், இருக்கும். புது கிரீஸை ஏற்றி, பழையது பிதுங்கி வெளியே வரும்வரை மோட்டாரை ஆட்டுங்கள். எத்தனையோ பேர் இது தெரியாமல் நல்ல கேபிளைத் தூக்கி எறிந்திருக்கிறார்கள்.

மோட்டார் இலகுவாகத் திரும்பி, சக்கரம் மட்டும் இறுகி இருந்தால், அடுத்ததாக ஹெல்மிலிருந்து கேபிளைக் கழற்றுங்கள். சக்கரம் தனியாகச் சுற்றினால் குற்றவாளி கேபிள்தான். உங்கள் மெக்கானிக் சொன்னது சரியாகவே இருக்கலாம். ஆனால் இந்த இரண்டு சோதனைக்கும் அரை மணி நேரம்கூட ஆகாது, செய்துவிட்டே பணத்தை எடுங்கள்.

இன்னொன்று. சில ஹெல்ம்களில் கேபிள் மாட்டியிருக்கும்போது மோட்டாரைக் கையால் தள்ளினால் அசையாது. மோட்டாரின் இழுப்பு ஓட்டுபவர் கைக்கு வராதபடி பூட்டிக்கொள்ளும் அமைப்பு அது, கோளாறு அல்ல. அதனால்தான் கழற்றிவிட்டுப் பார்க்கச் சொல்கிறேன்.

கேபிளை உருவ முடியவில்லை. நட்டைக் கழற்றியாச்சு, ஆனால் கம்பி மோட்டார் குழாய்க்குள் பற்றவைத்த மாதிரி நிற்கிறது. சுத்தியலால் அடித்தும் பயனில்லை. – தூத்துக்குடி

தம்பி, சுத்தியலைக் கீழே வையுங்கள். இந்த வேலையில் பொறுமைதான் பாதி.

மோட்டார் மேலே மடியும் அச்சாக இருக்கும் குழாயைத்தான் டில்ட் டியூப் என்கிறோம். கேபிளின் கம்பி, ஏறக்குறைய 16 மி.மீ. தடிமன், அதற்குள்ளேதான் ஓடுகிறது. வருடக்கணக்கில் மாற்றாத கிரீஸ் மெழுகாக இறுகுகிறது. அதோடு உப்புத் தண்ணீர் சேர்ந்து குழாயின் உள்சுவரைத் துருப்பிடிக்க வைக்கிறது. கம்பி துருப்பிடிக்காத எஃகாகவே இருந்தாலும் சுற்றிலும் உள்ள துரு அதை நெரித்துப் பிடித்துக்கொள்ளும்.

துரு இளக்கும் எண்ணெயைக் குழாயின் இரண்டு வாயிலும் விடுங்கள். குழாயில் நிப்பிள் இருந்தால் அதைக் கழற்றி அந்தத் துளையிலும் விடுங்கள். ஒரு ராத்திரி ஊறட்டும், காலையில் மறுபடி விடுங்கள். அடிப்பதற்கு முன் கம்பியைப் பைப் ரெஞ்சால் பிடித்து முறுக்கிப் பாருங்கள். நேராகத் தள்ளுவதைவிட முறுக்குவது துருவின் பிடியைச் சீக்கிரம் உடைக்கும். கேபிள் எப்படியும் குப்பைக்குத்தான் போகிறது, கம்பியில் கீறல் விழுந்தால் கவலை வேண்டாம்.

பிறகு அடி. கேபிள் எந்தப் பக்கமாக உள்ளே போனதோ அந்தப் பக்கமாகவே திரும்பி வரவேண்டும், அதனால் எதிர்ப்பக்கத்திலிருந்து அடியுங்கள். குழாயின் துளையைவிடச் சற்றே ஒல்லியான கம்பியைக் கொடுத்து அடிக்கவேண்டும். குழாயின் மரையில் ஒரு பழைய நட்டை ஏற்றி வைத்தால் மரை நசுங்காது. பிராக்கெட் அலுமினிய வார்ப்பு. மறுபக்கம் ஒருவர் கனமான இரும்பை அண்டை கொடுத்துப் பிடிக்காமல் அடித்தால் அது விரிசல் விடும், விரிசல் விட்ட பிராக்கெட்டின் விலைக்குப் பல கேபிள் வாங்கலாம்.

சூடு காட்டினால் நன்றாக இளகும். ஆனால் தீ ஜுவாலை வேண்டாம், சூடான காற்று அடிக்கும் கருவி போதும். அதற்கும் முன்னால் பெட்ரோல் டேங்க்கைக் கரையில் இறக்கி, பெட்ரோல் குழாயைப் பிரித்து, தெளித்த எண்ணெயைத் துடைத்து, படகின் அடியில் ஆவி தங்காமல் காற்றாட விடுங்கள். இதில் எந்தச் சமரசமும் கிடையாது.

எல்லாம் செய்தும் அசையவில்லையா? கேபிளை நட்டுக்குப் பக்கத்தில் அறுத்துவிட்டு, குழாயையே கழற்றிப் புதிது போடுங்கள். வேலை அதிகம், ஆனால் மோட்டார் பிழைக்கும்.

இடத்தையும் முதலிலேயே பாருங்கள். கம்பி வளையாது, நேராகத்தான் வெளியே வரும். பக்கத்தில் ஃபைபர் சுவர் இருந்தால் முட்டும். மோட்டாரை மேலே மடக்கினாலும் உதவாது, ஏனென்றால் மடியும் அச்சே அந்தக் குழாய்தான். அப்படிப்பட்ட படகில் மோட்டாரின் போல்ட்டுகளைத் தளர்த்தி, செயின் பிளாக்கில் சுவருக்கு மேலே தூக்கித்தான் ஆகவேண்டும்.

எத்தனை அடி கேபிள் வாங்குவது? – கல்பிட்டி

பழைய கேபிளின் உறையைத் துடைத்துப் பாருங்கள், எண் அச்சிட்டிருக்கும். உதாரணமாக எஸ்.எஸ்.சி. 6212 என்றிருந்தால் கடைசி இரண்டு இலக்கம்தான் அடிக்கணக்கு: 12 அடி. டெலிஃபிளெக்ஸ் என்ற பெயரில் வந்த கேபிள்கள் பிறகு சீஸ்டார் ஆகி, இப்போது டோமெடிக் பெயரில் வருகின்றன. பெயர் மாறியிருக்கிறதே என்று குழம்பவேண்டாம், எண்ணையும் ஹெல்மின் வகையையும் ஒப்பிட்டால் போதும்.

கேபிளை எங்கேயும் ஒடித்து வளைக்காதீர்கள், வளைவின் ஆரம் 8 அங்குலத்துக்குக் குறையக்கூடாது. பழைய கேபிளை உருவும்போது ஹெல்ம் பக்க நுனியில் ஒரு நைலான் கயிறு கட்டி விடுங்கள். கேபிள் பின்பக்கம் வந்ததும் கயிறு அதன் வழியில் கிடக்கும், புதியதை அதிலேயே இழுத்துக்கொள்ளலாம்.

பழைய கேபிளையே கழற்றி, உள்ளே டீசலும் கிரீஸும் விட்டால் ஓடாதா? எங்கள் பக்கம் அப்படித்தான் செய்கிறார்கள். – பழவேற்காடு

ஓடும், சில நாள். உறைக்குள்ளே இருக்கும் எஃகுக் கம்பிக்குத் தொழிற்சாலையிலேயே உயவு கொடுத்து மூடிவிடுகிறார்கள், நாம் புதுப்பிக்கும்படி அதைச் செய்யவில்லை. உறை வெடித்துத் தண்ணீர் இறங்கிவிட்டால் கம்பி உள்ளேயே அரித்துக்கொண்டிருக்கும். இழை ஒவ்வொன்றாக அறுவது உங்கள் கண்ணுக்குத் தெரியாது. பயணிகளை ஏற்றுகிற படகில் இதைச் செய்யவே கூடாது.

கேபிள் புதிது. நன்றாக ஓடட்டும் என்று நிப்பிளில் கிரீஸ் கன்னால் நிறைய அடித்தேன். மறுநாளே இறுகிவிட்டது! – புதுச்சேரி

கம்பி வெளியே நீண்டிருக்கும்போது அடித்திருப்பீர்கள். அப்போது கிரீஸ் குழாய்க்குள் கெட்டியாக அடைந்துவிடும், கம்பி திரும்ப உள்ளே வர இடம் இருக்காது. மெர்குரி கையேடுகளிலேயே இதற்கு எச்சரிக்கை உண்டு. சக்கரத்தைத் திருப்பிக் கம்பியை முழுக்க உள்ளே இழுத்த பிறகே கிரீஸ் அடிக்கவேண்டும். இப்போது நிப்பிளைக் கழற்றிவிட்டு, சக்கரத்தை மெல்ல மெல்ல இரண்டு பக்கமும் திருப்புங்கள், அதிகப்படியான கிரீஸ் அந்தத் துளை வழியாக வெளியேறும். கேபிள் கெட்டுப்போயிருக்காது.

படகை நிறுத்தும்போதும் கம்பி உள்ளே இருக்கும்படி சக்கரத்தைத் திருப்பி வையுங்கள். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அதன்மேல் உப்புப் பூக்கும், அடுத்த தடவை அந்த உப்பும் குழாய்க்குள் போகும்.

கேபிள் மாற்றிய பிறகு படகு வலப்பக்கமே இழுக்கிறது. – முட்டுக்காடு

கேபிள் காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு. புரொப்பல்லருக்கு மேலே சின்னத் துடுப்பு மாதிரி ஒரு டிரிம் டேப் இருக்கும். வலப்பக்கம் இழுத்தால் அதன் பின்முனையைக் கொஞ்சம் வலப்பக்கமே திருப்பி முடுக்குங்கள். ஒரே தடவையில் நிறையத் திருப்பாதீர்கள், ஓட்டிப் பார்த்துத் திருத்துங்கள்.

இணைப்புத் தண்டின் பழைய நட்டையே போடலாமா? இங்கே அந்த நட் கிடைக்கவில்லை. – நாகப்பட்டினம்

கூடாது. அது உள்ளே நைலான் வளையம் உள்ள, தானாகத் தளராத நட். ஒருமுறை கழற்றினால் வளையத்தின் பிடி குறைந்துவிடும். சாதாரண நட் போட்டு வந்த ஒரு படகை நான் பார்த்திருக்கிறேன். மோட்டாரின் அதிர்வில் நட் கழன்று, போல்ட் பாதி வெளியே வந்து தொங்கிக்கொண்டிருந்தது. வேகத்தில் அது விழுந்திருந்தால் மோட்டார் ஒரு பக்கம் மடங்கி, படகு வெட்டித் திரும்பி, ஓட்டுபவர் தண்ணீரில் விழுந்திருப்பார். ஆளில்லாத படகு அவரையே சுற்றிச் சுற்றி வரும். புரொப்பல்லர் சுழன்றுகொண்டே இருக்கும்.

புது நட் வரும்வரை படகு கரையிலேயே இருக்கட்டும். வந்ததும் கையேட்டில் போட்டிருக்கும் அளவுக்கு, இறுக்கும் விசையைக் காட்டும் டார்க் ரெஞ்சால் முடுக்குங்கள். முதல் ஓட்டம் முடிந்து கரைக்கு வந்ததும் நட்டைப் பார்த்துவிட்டு அடுத்த பயணிகளை ஏற்றுங்கள். மோட்டாரை நிறுத்தும் சிவப்புக் கயிற்றை ஓட்டுபவர் உடம்பில் மாட்டாமல் எந்தப் படகும் கிளம்பவேண்டாம்.