சின்னதா, பெரிசா? கரப்பான் பூச்சி பற்றி வாசகர் கேள்விகள்

ஐப்பசி மழை வருவதற்கு முன்பே இந்த முறை கரப்பான் பூச்சிக் கடிதங்கள் குவிந்துவிட்டன. அநேகமாக எல்லாமே அபார்ட்மெண்ட்வாசிகள் எழுதியவை. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்ததால் சேர்த்துப் பதில் தந்திருக்கிறோம்.

கேள்வி: இரண்டாவது மாடியில் குடியிருக்கிறோம். சமையலறையில் பொடிப்பொடியாகக் கரப்பான்கள். வாராவாரம் ஸ்பிரே அடிக்கிறேன். அன்று ராத்திரி இருபது முப்பது செத்துக் கிடக்கும். நாலே நாளில் பழையபடி ஆகிவிடும். இப்போது ஹாலில் டி.வி.க்குப் பின்னாலும் வருகின்றன. இதற்கு என்னதான் வழி?
– வாசகி, எல்லீஸ் நகர், மதுரை

முதலில் ஸ்பிரேயை நிறுத்துங்கள். அவற்றை ஹாலுக்கு விரட்டியதில் அதற்குப் பெரும்பங்கு உண்டு.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது ஜெர்மன் கரப்பான். அரை அங்குல நீளம், வெளிர் பழுப்பு நிறம், தலையை ஒட்டி முதுகில் இரண்டு கருங்கோடுகள் இருக்கும். ஒன்றைப் பிடித்துப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். இது சாக்கடையிலிருந்து ஏறி வருகிற இனம் இல்லை. வெங்காய மூட்டையிலோ, மளிகை அட்டைப் பெட்டியிலோ, முட்டை அட்டையிலோ ஒட்டிக்கொண்டு வந்து, வீட்டுக்குள்ளேயே பெருகும். இந்த இனம் சுமார் 2,100 ஆண்டுகளுக்கு முன் இந்தியா அல்லது மியான்மர் பக்கத்தில் தோன்றியது என்று 2024-ல் வெளியான மரபணு ஆய்வு சொல்கிறது. நம் ஊர் வெக்கை அதற்கு ஒத்துப்போவதில் வியப்பில்லை.

பெண் பூச்சி முட்டைக்கூட்டை வயிற்று நுனியில் சுமந்துகொண்டே திரியும். ஒரு கூட்டில் 30 முதல் 40 முட்டைகள். பொரியும் நேரம் நெருங்கினால்தான் கூட்டைக் கீழே விடும். சுமக்கிற நாட்களில் இடுக்கை விட்டு அதிகம் வெளியே வராது. நீங்கள் அடிக்கும் ஸ்பிரே, வெளியே மேய்ந்துகொண்டிருப்பவற்றை மட்டும் கொல்கிறது. இனத்தைப் பெருக்குகிறவை உள்ளே பத்திரமாக இருக்கின்றன. குஞ்சு வளர்ந்து அது முட்டையிட இந்த உஷ்ணத்தில் இரண்டு மாதம் போதும். ஸ்பிரேயில் பெரும்பாலும் இருக்கிற பைரெத்ராய்டு வகை மருந்து நேராகப் பட்டதைக் கொல்லும், படாததை வேறு இடுக்குக்குத் துரத்தும். போதாக்குறைக்கு, பல இடங்களில் இந்த இனம் அந்த மருந்துக்கே பழகிவிட்டது.

உங்களுக்கு வேண்டியது ஜெல், அதாவது மருந்து கலந்த தீனிப் பசை. பூச்சி தேடி வந்து தின்று, தன் இடுக்குக்குத் திரும்பிப் போய்ச் சாகும். செத்ததையும் அதன் எச்சத்தையும் தின்கிற குஞ்சுகளும் சாகும். ஸ்பிரே எட்டாத இடத்துக்கு மருந்தைப் பூச்சியே சுமந்துகொண்டு போகிறது.

ஜெல் வைப்பதற்கு முன் அவை குடியிருக்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். இரவு விளக்கை அணைத்து ஒரு மணி நேரம் கழித்து டார்ச்சோடு போங்கள். டீத்தூள் சிந்தியது போலக் கரும்புள்ளிகள் கிடக்கும் மூலைதான் அவற்றின் வீடு. பலரும் பார்க்கத் தவறும் இடம் வெட் கிரைண்டரின் அடிப்பக்கம். பிளக்கைப் பிடுங்கிவிட்டுச் சாய்த்துப் பாருங்கள். மோட்டார் சூடும் வழிந்த மாவும் ஈரமும் ஒரே இடத்தில் கிடைப்பதால் அங்கே கூட்டமாக இருக்கும். அடுத்து ஃப்ரிட்ஜ் கதவு ரப்பரின் மடிப்பு, அதன் பின்பக்கத் தண்ணீர்த் தட்டு, கேஸ் அடுப்பின் அடி, அலமாரிக் கதவுக் கீல்கள், இழுப்பறை ஓடும் தடம், சிங்க்கின் அடிவிளிம்பு, தண்ணீர் சுத்திகரிப்பு மெஷினின் பின்புறம், சுவிட்ச் போர்டு ஓரம்.

இந்த இடங்களில் எண்ணெய்ப் பிசுக்கையும் எச்சத்தையும் சோப்புத் தண்ணீரில் துடைத்து, ஈரம் காய விடுங்கள். பழைய ஸ்பிரே படிந்திருந்தால் இரண்டு முறை துடைக்க வேண்டும். பிறகு ஜெல். அட்டையில் இமிடாகுளோபிரிட் 2.15 சதவீதம் அல்லது ஃபிப்ரோனில் 0.05 சதவீதம் என்று போட்டிருப்பதைக் கேட்டு வாங்குங்கள். சிரிஞ்சிலேயே வரும். அரிசி மணி அளவுக்கு ஒவ்வொரு பொட்டாக, இடுக்கின் வாயிலும் உள்ளேயும் வையுங்கள். உங்கள் வீட்டில் இருக்கிற அளவுக்குச் சமையலறைக்கு மட்டும் 40, 50 பொட்டு வேண்டும். நாலு மூலையில் நாலு பெரிய உருண்டை வைத்தால் பயன் இல்லை. ஜெர்மன் கரப்பான் இரை தேடி அதிக தூரம் போகாது. அது நடக்கும் வழியிலேயே சாப்பாடு இருக்க வேண்டும். டி.வி.க்குப் பின்னாலும் பத்துப் பொட்டு வையுங்கள்.

அன்று முதல் ராத்திரி சிங்க்கில் எச்சில் பாத்திரம் போடாதீர்கள். வேறு தீனி கிடைத்தால் ஜெல்லைச் சீந்தாது. சிங்க்கைத் துணியால் ஒற்றி ஈரம் எடுத்துவிடுங்கள். பட்டினியைத் தாங்கும் அளவுக்கு அதனால் தாகத்தைத் தாங்க முடியாது.

முதல் வாரம் பட்டப்பகலில் தள்ளாடிக்கொண்டு வெளியே வரும். பயந்துபோய் ஸ்பிரேயை எடுக்காதீர்கள். மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம். பத்துப் பன்னிரண்டு நாளில் எந்தெந்தப் பொட்டு காலியாகியிருக்கிறது என்று பார்த்து அங்கே மட்டும் மறுபடி வையுங்கள். முட்டைக்கூடு சுமார் நாலு வாரத்தில் பொரியும் என்பதால், ஒரு பூச்சிகூடக் கண்ணில் படாவிட்டாலும் இரண்டு மாதம் வரை ஜெல் இருக்கட்டும். பலர் தோற்பது இங்கேதான். மூன்றாவது வாரம் வீடு சுத்தமாகிவிட்டது என்று விட்டுவிடுகிறார்கள்.

கேள்வி: ஜெல்லும் வைத்துப் பார்த்துவிட்டோம். தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. போலி மருந்தாக இருக்குமோ?
– வாசகர், கூடல் நகர்

போலியாக இருக்கலாம். ஆனால் வேறு காரணங்களே அதிகம். ஜெல் வைத்த இடத்திலேயே வீட்டில் யாராவது ஸ்பிரே அடித்திருப்பார்கள், பூச்சி சாக்பீஸ் கோடு போட்டிருப்பார்கள், அல்லது வேலைக்கு வரும் அம்மா ஃபினாயில் போட்டுத் துடைத்திருப்பார். அந்த வாடை இருந்தால் கரப்பான் கிட்டே வராது. ஃப்ரிட்ஜ் கம்ப்ரஸர் மேலேயே வைத்தால் சூட்டில் ஒரே நாளில் காய்ந்து கல்லாகும். பக்கத்தில் சற்றுத் தள்ளி வைக்க வேண்டும். தூசி மேல் வைத்தாலும் தோல் கட்டிவிடும்.

இது எதுவும் இல்லையென்றால், ஒரே ஜெல்லை வருஷக்கணக்கில் வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். சில ஜெர்மன் கரப்பான் கூட்டங்களுக்கு குளுக்கோஸ் கசக்கும். இனிப்பு வைத்த மருந்தைத் தின்றவை செத்து, அதைத் துப்பியவை பிழைத்துப் பெருகியதால் வந்த குணம் இது; 1990-களிலேயே ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். மருந்தின் பெயரைப் பார்த்து மாற்றுங்கள். இமிடாகுளோபிரிட் வைத்திருந்தால் ஃபிப்ரோனில் வாங்குங்கள். கசப்பது மருந்து இல்லை, அதில் சேர்த்த இனிப்பு என்பதால் கம்பெனியையும் சேர்த்து மாற்றுங்கள்.

கேள்வி: மே மாத லீவில் வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போனோம். ஒன்றரை மாதம் கழித்து வந்து திறந்தால் பாத்ரூமில் விரல் நீளக் கரப்பான்கள். பறக்கவும் செய்கின்றன. சமையலறையில் ஒன்றுகூட இல்லை.
– வாசகி, ஆனையூர்

இது அமெரிக்கக் கரப்பான். ஒன்றரை அங்குலம், செம்பழுப்பு. சாக்கடை, செப்டிக் டேங்க், மேன்ஹோல் இவைதான் அதன் இருப்பிடம். இதற்கு ஜெல்லைவிட பிளம்பர்தான் முக்கியம்.

பாத்ரூம் தரையில் தண்ணீர் போகும் ஓட்டைக்கு அடியில் நானி டிராப் இருக்கும். அதன் வளைவில் இரண்டு அங்குல உயரத்துக்குத் தண்ணீர் எப்போதும் தேங்கி நிற்க வேண்டும். நாற்றத்தையும் பூச்சியையும் தடுப்பது அந்தத் தண்ணீர்தான். வைகாசி வெயிலில், புழங்காத பாத்ரூமில் அது வற்றிவிட்டது. பூச்சிக்குக் கதவு திறந்துவிட்டது. இப்போதே எல்லா டிராப்பிலும் ஒரு வாளி தண்ணீர் ஊற்றுங்கள். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது தண்ணீர் ஊற்றி, அதன்மேல் இரண்டு ஸ்பூன் தேங்காய் எண்ணெய் விடுங்கள். எண்ணெய் மிதந்து, தண்ணீர் ஆவியாவதைத் தாமதப்படுத்தும். ஓட்டையின் மேல் ஒரு பாலிதீன் கவரை விரித்து, அதன்மேல் பாதி நிரம்பிய தண்ணீர்ப் பையை வைத்துவிட்டுப் போனால் இன்னும் நல்லது.

மற்ற வழிகளையும் பாருங்கள். வாஷ்பேசின், சிங்க் ஆகியவற்றின் வேஸ்ட் பைப், சுவரிலோ தரையிலோ இருக்கும் பெரிய பைப்புக்குள் சும்மா செருகியிருக்கும். சுற்றிலும் விரல் நுழையும் இடைவெளி. அதற்கு ரப்பர் காலர் போடுங்கள். கிடைக்காவிட்டால் எம்-சீல் வைத்து அடைக்கலாம். வாஷிங் மெஷின் ஹோஸை ஜாலியை எடுத்துவிட்டு ஓட்டைக்குள் விட்டிருந்தால் அதே கதைதான். ஹோஸ் நுழையும் ஓட்டை உள்ள ஜாலி தனியாக விற்கிறது. கிளாசட்டின் பின்னால் பைப் டக்டுக்குள் (எல்லா மாடிப் பைப்புகளும் இறங்கும் சந்து) போகும் இடத்தில் சிமெண்ட் உதிர்ந்திருக்கும். ஒயிட் சிமெண்ட் பூசுங்கள். மொட்டை மாடியில் வென்ட் பைப்பின் வாயில் கொசுவலை கட்டச் சொல்லுங்கள்.

இதன் முட்டைக்கூடு கருப்பாக, 8 மில்லிமீட்டர் நீளத்தில் இருக்கும். பழைய பேப்பர் கட்டு, அட்டைப் பெட்டி, பீரோவின் பின்புறம் ஆகிய இடங்களில் ஒட்டிவைத்துவிட்டுப் போய்விடும். ஒவ்வொன்றிலும் 14, 16 குஞ்சு. கண்ணில் பட்டால் செருப்பால் நசுக்கிவிடுங்கள். சும்மா பெருக்கிக் குப்பையில் போட்டால் அங்கேயே பொரிக்கும்.

கேள்வி: கேரம் போர்டு பவுடரைக் கோதுமை மாவில் பிசைந்து வைத்தால் சாகும் என்கிறார்களே?
– வாசகர், வில்லாபுரம்

அந்தப் பவுடர் போரிக் அமிலமாக இருந்தால் சாகும். எல்லாக் கேரம் பவுடரும் போரிக் அமிலம் இல்லை. வெறும் மாவுப் பொடியும் விற்கிறது. மருந்துக் கடையில் போரிக் பவுடர் என்றே கேட்டு வாங்குங்கள். ஒரு ஸ்பூன் போரிக், மூன்று ஸ்பூன் கோதுமை மாவு, ஒரு ஸ்பூன் சர்க்கரை. தண்ணீர் தெளித்துப் பிசைந்து சுண்டைக்காய் அளவு உருட்டி வைக்கலாம். போரிக்கை அதிகமாகப் போட்டால் பூச்சி முகர்ந்துவிட்டுப் போய்விடும். உருண்டை காய்ந்து கெட்டியானால் மாற்ற வேண்டும்.

உருண்டையைவிடப் பொடியாகத் தூவுவது மேல். ஃப்ரிட்ஜ் அடி, அலமாரியின் பின்சுவர் போன்ற கை படாத உலர்ந்த இடத்தில், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு படலம். குவியலாகக் கொட்டினால் சுற்றிக்கொண்டு போகும். லேசாக இருந்தால் காலில் ஒட்டி, நக்கும்போது வயிற்றுக்குள் போகும். ஈரம் பட்டால் கட்டிதட்டிப் பயனில்லாமல் போகும். சாக ஒரு வாரம்கூட ஆகலாம். தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் இது வேண்டவே வேண்டாம், உருண்டை பார்க்க மிட்டாய்போல் இருக்கும். வாயில் போட்டுவிட்டால் வாந்தி எடுக்க வைக்கப் பார்க்காமல் நேரே ஆஸ்பத்திரி.

கேள்வி: நுவான் வாங்கித் தண்ணீரில் கலந்து அடித்தால் ஒரே நாளில் ஒழியுமாமே?
– வாசகர், திருமங்கலம்

அதில் இருக்கும் டைக்ளோர்வாஸ் 2020 டிசம்பர் 31 முதல் நாட்டிலேயே தடை செய்யப்பட்ட மருந்து. பழைய பாட்டில் யாராவது கொடுத்தாலும் தொடாதீர்கள். மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் ஏறும் விஷம் அது. ஜன்னல் சாத்திய அபார்ட்மெண்ட் சமையலறையில் பூச்சிக்கு முன்னால் உங்களுக்குத்தான் தலை சுற்றும்.

கேள்வி: வாஷ்பேசினில் பாச்சை உருண்டை போட்டு வைக்கிறேன். போதுமா?
– வாசகி, திருநகர்

வாடை அடக்கும், அவ்வளவுதான். அதைத் தாண்டிக் கரப்பான் வரத்தான் செய்யும். நாஃப்தலீன் உருண்டைகளைக் கைக்குழந்தை இருக்கும் வீட்டில் வைக்காமல் இருப்பது நல்லது. ஜி-6-பி-டி என்ற நொதிக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு அதனால் ரத்தச் சிவப்பணுக்கள் சிதையும். பேசினுக்கு மூடி போட்ட ஜாலி வாங்குங்கள்.

கேள்வி: எங்கள் குடியிருப்பில் 24 வீடுகள். சங்கம் மூலம் மருந்தடிக்க ஆள் கூப்பிடப்போகிறோம். என்ன பேசிக்கொள்ள வேண்டும்?
– சங்கச் செயலாளர், கே.கே. நகர்

முதலில் உரிமம். 1968-ஆம் ஆண்டு பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ், காசு வாங்கிக்கொண்டு மருந்தடிக்கிறவருக்கு உரிமம் வேண்டும். காட்டச் சொல்லுங்கள். அடுத்து மருந்தின் பெயர். “ஹெர்பல் சார், வாடையே வராது” என்பது பதில் இல்லை; மருந்தின் பெயரையும் சதவீதத்தையும் பில்லில் எழுதித் தர வேண்டும்.

24 வீட்டையும் ஒரே தேதியில் செய்ய முடியாவிட்டால் மாடி மாடியாகப் பிரிக்காதீர்கள். டக்ட் வாரியாகப் பிரியுங்கள். ஒரே டக்டை ஒட்டிய சமையலறைகள் தரைத்தளத்திலிருந்து மேல்தளம் வரை ஒரே நாளில் முடிய வேண்டும். இடையில் ஒரு வீடு “எங்களுக்கு ஒன்றும் இல்லை” என்று கதவைத் திறக்காவிட்டால், அந்த வீடே மற்றவர்களுக்கு மறுபடி விதைக்கும். பூட்டிக் கிடக்கும் வீட்டின் சாவியை முன்னாடியே வாங்கி வையுங்கள்.

வீட்டுக்குள்ளே ஜெல், வெளியே சாக்கடைச் சேம்பர்களிலும் டக்டின் அடியிலும் ஸ்பிரே என்று பிரித்துப் பேசுங்கள். புகை அடித்தல் வேண்டாம். கீலின் இடுக்குக்குள் அது போகாது, ஜெல்லையும் கெடுக்கும். முதல் தவணைக்கு 15 நாள் கழித்து இரண்டாவது தடவை வருவதைக் கட்டணத்திலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். முழுப்பணத்தையும் அதற்கு முன் கொடுக்காதீர்கள். உடைந்த சேம்பர் மூடிகளை மழைக்கு முன் மாற்றிவிடுங்கள். சாக்கடையில் தண்ணீர் ஏறினால் பெரிய கரப்பான் அத்தனையும் மேலே வரும்.

கேள்வி: பிரிஞ்சி இலை, சோடா உப்பு, வேப்பெண்ணெய்?
– வாசகி, மேலூர்

பிரிஞ்சி இலை பிரியாணிக்கு. சோடா உப்பை நம்பிக் காத்திருக்க வேண்டாம். வேப்பெண்ணெய் வாடை இருக்கும்வரை கொஞ்சம் விலகிப்போகும், சாகாது. ஜெல் வைத்த வீட்டில் அதையும் பூசாதீர்கள்.

கேள்வி: பழைய ஃப்ரிட்ஜ் ஒன்று வாங்குகிறோம். அதோடு வந்துவிடுமா?
– வாசகர், ஒத்தக்கடை

வர வாய்ப்பு அதிகம். வண்டியிலிருந்து இறக்கியதும் வீட்டுக்குள் கொண்டுபோகாமல் வாசலிலேயே கதவு ரப்பரை விரித்துப் பாருங்கள், பின்பக்கத் தண்ணீர்த் தட்டைக் கழற்றிக் கழுவுங்கள். கரும்புள்ளி தெரிந்தால் கம்ப்ரஸரைச் சுற்றியுள்ள தகட்டில் ஏழெட்டுப் பொட்டு ஜெல் வைத்து, அடியில் ஒரு ஒட்டும் அட்டையைப் போட்டு இரண்டு வாரம் பால்கனியில் ஓட விடுங்கள். அட்டையில் தொடர்ந்து நாலைந்து நாள் எதுவும் ஒட்டாவிட்டால் உள்ளே தள்ளலாம்.