மாங்கூழ் ஆலை இன்டர்ன்ஷிப்: செய்திக்குறிப்பு ஏன் பத்திரிகையில் வரவில்லை?

கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலையில் மக்கள் தொடர்பு இன்டர்ன்ஷிப், இரண்டு செய்திக்குறிப்பு அனுப்பியும் எந்த நாளிதழிலும் வரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். மனம் தளர வேண்டாம் தங்கச்சி.

நீங்கள் பதிவிட்ட குறிப்பில் முதல் பத்தி முழுக்க ஆலையின் பெருமைதான். நிருபர் கண்ணுக்கு அது விளம்பரம். தோத்தாபுரி, நம்ம ஊர் வழக்கில் பெங்களூரா, கூழுக்கு அதிகம் போகிற ரகம். அதைக் கிலோ என்ன விலைக்கு எடுக்கிறார்கள், எந்தத் தேதிவரை கொள்முதல் என்பதை முதல் வரியில் வையுங்கள். பர்கூர், போச்சம்பள்ளி விவசாயிகள் தேடிப் படிப்பது அதைத்தான். விலையை வெளியிட மேலாளரிடம் முதலில் ஒப்புதல் வாங்கிவிடுங்கள்.

அப்புறம், காலையிலேயே அனுப்பி, நிருபருக்கு ஒரு போன் போடுங்கள். நான் பயிற்சியில் இருந்தபோது மாலை 6 மணிக்கு மேல் அனுப்பியே மூன்று வாரம் வீணானது. வெளிவராத இரண்டையும், திருத்தி எழுதியதையும் தேதியோடு கல்லூரி அறிக்கையில் சேருங்கள்.