பதில்: இலட்சிய வகை என் ஆய்வுக்குப் பொருந்தவில்லை

சமூகவியலாளர் மாக்ஸ் வெபர் அதிகாரத்துவத்துக்கு, அதாவது விதிப்படி இயங்கும் அலுவலக நிர்வாகத்துக்கு, கட்டிய ‘இலட்சிய வகை’ (ideal type) நீங்கள் பார்த்த அலுவலகத்துக்குப் பொருந்தவில்லை, அந்த அத்தியாயத்தையே எடுத்துவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து எடுக்காதீர்கள். அது எந்த அலுவலகத்துக்கும் முழுசாகப் பொருந்தாது. சில அம்சங்களை வேண்டுமென்றே மிகைப்படுத்திக் கட்டிய மனச்சித்திரம், நிஜத்தில் எங்கும் அப்படியே கிடைக்காது என்று 1904 கட்டுரையிலேயே வெபர் தெளிவாகச் சொல்லிவிட்டார். ‘இலட்சிய’ என்ற சொல்தான் எல்லோரையும் குழப்புகிறது. ‘சிறந்த’ என்ற பொருள் அதில் இல்லவே இல்லை.

எழுத்து விதி, படிநிலை, கோப்பு, தகுதி பார்த்து நியமனம் என்று அவர் சொன்னவற்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உங்கள் களக்குறிப்பைப் படியுங்கள். கோப்பு மேசைக்கு வருமுன்பே எழுத்தர் போனில் பேசி முடித்துவிடுகிறார் என்று எழுதியிருந்தீர்களே, அங்கேதான் அந்த வகையிலிருந்து விலகல் தெரிகிறது. யாரோடு பேசுகிறார், எதற்காக? அதிலிருந்து அத்தியாயத்தைத் தொடங்குங்கள்.