எரிக் குஸ்தாஃப் யேயர் ஏன் கட்சி மாறினார்?

ஸ்வீடன் வரலாற்றாசிரியர் யேயர், பழமைவாதிகளின் தூணாக இருந்தவர், திடீரென்று தாராளவாதியானது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு மிகவும் பிடித்த மனிதர் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

1783இல் வார்ம்லாந்து மாநிலத்தின் ரான்சேட்டரில், இரும்பாலை நடத்திய குடும்பத்தில் பிறந்தார். இளைஞனாக வீட்டு ஆசிரியர் வேலை ஒன்றுக்கு முயன்றபோது, நிலைகொள்ளாத பையன் என்று தட்டிக்கழித்துவிட்டார்கள். மனம் வெதும்பியவர், வீட்டாருக்குத் தெரியாமல் ஸ்டென் ஸ்டூரே என்ற பழைய ஆட்சியாளரைப் பற்றிக் கட்டுரை எழுதி அனுப்பினார். 1803இல் ஸ்வீடிஷ் அகாதெமியின் பெரும்பரிசு அதற்குத்தான் கிடைத்தது. அந்த வெற்றியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உற்சாகம் பிறக்கும்.

கவிதை, இசை, நாட்டுப்பாடல் தொகுப்பு என எல்லாவற்றிலும் கைவைத்தார். 1817இல் உப்சாலா பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியரானார். 1832 முதல் 1836 வரை மூன்று தொகுதிகளாக வெளிவந்த ஸ்வீடன் மக்களின் வரலாறு, 1654இல் அரசி கிறிஸ்டினா முடிதுறப்பதோடு நிற்கிறது. நாட்டின் கதையை மன்னர்களின் கதையாகவே அவர் பார்த்தார். பிரபுக்கள், குருமார்கள், நகரத்தார், உழவர்கள் என நான்கு வகுப்பார் தனித்தனியே கூடிய அன்றைய நாடாளுமன்றத்தில் பல்கலைக்கழகத்தின் பிரதிநிதியாகவும் அமர்ந்தார்.

1838இல் தாமே தொடங்கிய இலக்கிய இதழில் பழைய அணியை விட்டு விலகுவதாக வெளிப்படையாக அறிவித்தார். நண்பர்கள் பலர் முகம் திருப்பிக்கொண்டார்கள். நடுத்தர வர்க்கம் வளர்வதையும் ஏழைகள் பெருகுவதையும் அவர் கண்டார். பிறப்பால் வந்த வகுப்பைவிடத் தனிமனிதனே அரசியல் உரிமைக்கு அடிப்படை என்ற முடிவுக்கு வந்தார். என் பார்வையில் இது கட்சித் தாவல் அல்ல, வரலாற்றை உண்மையாகப் படித்ததன் விளைவு. 1840இல் கூடிய நாடாளுமன்றத்திலும் இந்த நிலைப்பாட்டோடுதான் நின்றார். 1847இல் ஸ்டாக்ஹோமில் காலமானார்.