ரான் டேய்ன் ஓடியது 7,125 யார்டா, 6,397 யார்டா? மேடிசனுக்குப் புதிதாக வந்த தம்பிக்கு

தம்பிக்கு வணக்கம். நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கட்டும். ஆகஸ்டில் மேடிசனில் இருக்கும் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துக்கு ஆய்வு மாணவராக வந்திருக்கிறீர்கள். சனிக்கிழமையானால் ஊரே சிவப்புச் சட்டையில் திரிகிறது, திங்கட்கிழமை லேபில் பேச்சு முழுக்க ஃபுட்பால், அதாவது பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடும் அமெரிக்க ஆட்டம். தொண்ணூறுகளில் இந்தப் பல்கலைக்கழக அணியில் ஆடிய ரான் டேய்ன் 7,125 யார்டு ஓடினார் என்று ஒருவர் சொல்ல, நீங்கள் போனில் தேடிப் பார்த்து "6,397 என்று போட்டிருக்கிறதே" என்று கேட்டிருக்கிறீர்கள். அவ்வளவுதான், அரை மணி நேரம் வாக்குவாதம். "அண்ணா, எது சரி? இதெல்லாம் தெரியாமல் இந்த ஊரில் காலம் தள்ள முடியாதா?" என்பது உங்கள் கேள்வி.

இரண்டாவதற்கு உடனே பதில் சொல்லிவிடலாம். தாராளமாகக் காலம் தள்ளலாம். ஃபுட்பால் பக்கமே போகாமல் பட்டம் வாங்கி, வேலை தேடி, வீடு வாங்கியவர்கள் நம் ஆட்களில் நிறைய உண்டு. முதல் கேள்விதான் விஷயமுள்ள கேள்வி. அதற்குள் இந்த ஊரே இருக்கிறது.

நான் வந்தது 1999 ஆகஸ்டில். மன்ரோ தெருவை ஒட்டி ஒரு பழைய வீட்டின் மாடியில் அறை. அங்கிருந்து பல்கலைக்கழக அணி ஆடும் கேம்ப் ரேண்டல் மைதானம் நடந்து போகும் தூரம். பக்கத்து வீட்டில் ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருந்தார். நவம்பர் 13, சனிக்கிழமை. மளிகைப் பையோடு திரும்பி வருகிறேன், கார் ஷெட்டில் ரேடியோவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். மடியில் ஒரு மஞ்சள் தாள், கையில் பென்சில். தாளின் தலையில் 99 என்று எழுதியிருந்தது. ரேடியோவில் குரல் கேட்கக் கேட்க அதன் கீழே ஒவ்வொரு எண்ணாகக் கழித்துக்கொண்டே வந்தார். ஊரில் என் அப்பா டிரான்சிஸ்டரைக் காதோடு ஒட்டிக்கொண்டு கிரிக்கெட் ஸ்கோரை நோட்டில் எழுதுவார். அதே உட்காரல், அதே முகம். பையைக் கீழே வைத்துவிட்டு நின்றுவிட்டேன்.

அவர் எனக்கு விளக்கியதை அப்படியே உங்களுக்குச் சொல்கிறேன். மைதானம் 100 யார்டு நீளம். பந்து கையில் இருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்பு, அதற்குள் 10 யார்டு முன்னேறினால் மறுபடி நான்கு வாய்ப்பு. முன்னேற இரண்டு வழி. ஒன்று, குவார்ட்டர்பேக் பந்தை வீசுவார், ஒருவர் பிடிப்பார். மற்றது, பின்னால் நிற்கும் ரன்னிங் பேக்கின் கையில் பந்தைக் கொடுப்பார், அவர் கூட்டத்துக்குள் புகுந்து ஓடுவார். அப்படி ஒரு முறை ஓடுவதற்குப் பெயர் கேரி. பந்து எங்கிருந்து கிளம்பியது, அவரை எங்கே சாய்த்தார்கள், அதுவரை எத்தனை யார்டு என்பது அவர் கணக்கில் ஏறும். அரை, கால் எல்லாம் கிடையாது, முழு எண்தான். கிளம்பிய கோட்டுக்குப் பின்னாலேயே மடக்கிவிட்டால் கணக்கிலிருந்து குறையும். இதில் கல்லூரி ஆட்டத்துக்கென்று ஒரு வழக்கம் உண்டு: வீச வழியில்லாமல் குவார்ட்டர்பேக் பந்தோடு மடக்கப்பட்டால், அந்த இழப்பையும் அவர் ஓடிய கணக்கிலேயே கழிப்பார்கள். தொழில்முறை என்எஃப்எல்லில் அப்படிச் செய்வதில்லை. குவார்ட்டர்பேக் பெயருக்கு எதிரே "மைனஸ் 14 யார்டு" என்று பார்த்தால் மலைக்க வேண்டாம்.

சரி, அந்த 99. முந்தைய ஆண்டு டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் ரிக்கி வில்லியம்ஸ் நான்கு ஆண்டுகளில் 6,279 யார்டு என்று தேசிய சாதனை படைத்திருந்தார். அன்று ஐயோவா அணியோடு ஆட்டம் தொடங்கும்போது டேய்ன் 6,181-ல் இருந்தார். தாண்ட 99 வேண்டும். ஒரு ஆட்டத்தை நான்கு கால் பகுதிகளாக ஆடுவார்கள், இரண்டாவது காலில் அது நடந்தது. ரேடியோவில் குரல் உயர்ந்தது. கண் இமைக்கும் நேரம் கழித்து மைதானத்து இரைச்சல் வீடுகளுக்கு மேலாக வந்து ஷெட்டுக்குள் நுழைந்தது. பெரியவர் கடைசி வரியின் கீழே கோடு போட்டார். ஒன்றும் பேசவில்லை. 41-3 என்று விஸ்கான்சின் ஜெயித்தது. டேய்ன் அன்று ஓடியது 216 யார்டு. 6,181-ஓடு கூட்டுங்கள், 6,397. நீங்கள் இணையத்தில் பார்த்தது அந்த எண். கல்லூரி ஃபுட்பாலில் ஆண்டின் சிறந்த ஆட்டக்காரருக்குக் கொடுக்கும் ஹெய்ஸ்மன் கோப்பையும் அந்த ஆண்டு அவருக்குத்தான். விஸ்கான்சின் வரலாற்றில் அது இரண்டாவது. முதலாவது 1954-ல் ஆலன் அமீச்சி வாங்கியது.

அப்படியென்றால் 7,125 எங்கிருந்து வந்தது? சீசன் முடிந்தபின் டிசம்பரிலும் ஜனவரியிலும் தேர்வான அணிகளுக்கு மட்டும் நடக்கும் ஆட்டங்களுக்குப் பவுல் என்று பெயர். கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏ, 2002-க்கு முன்பு பவுல் ஆட்டத்தில் எடுத்த யார்டைத் தனிநபர் சாதனைக் கணக்கில் சேர்க்கவில்லை. 2002 முதல் சேர்க்கிறார்கள். ஆனால் பழையவர்களுக்குப் பின்னோக்கிக் கூட்டித் தரவில்லை. டேய்ன் ஆடிய பவுல்கள் நான்கு. யூட்டாவோடு 246, ஜார்ஜியாவோடு 36, யுசிஎல்ஏவோடு 246, ஸ்டான்ஃபோர்டோடு 200. மொத்தம் 728. கடைசி இரண்டும் ரோஸ் பவுல், இரண்டிலும் சிறந்த ஆட்டக்காரர் அவர்தான். இந்த 728-ஐச் சேர்த்தால் 7,125. ஆக, லேபில் சொன்னவர் சொன்னதும் உண்மை, நீங்கள் பார்த்ததும் உண்மை. ஒன்று அவர் ஓடியது, மற்றது என்சிஏஏ எண்ணியது.

இதோடு நின்றிருந்தால் யாரும் சண்டை போட மாட்டார்கள். 2016 டிசம்பரில் சான் டியேகோ ஸ்டேட் ஆட்டக்காரர் டானல் பம்ஃப்ரி, லாஸ் வேகஸ் பவுலில் ஹூஸ்டனோடு ஆடி 115 யார்டு எடுத்தார். மொத்தம் 6,405. டேய்னைவிட எட்டு யார்டு கூட! சாதனை அவர் பெயருக்குப் போய்விட்டது. அவருடைய பவுல் ஆட்டங்கள் கணக்கில் உண்டு, டேய்னுடையவை இல்லை. பம்ஃப்ரிமேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. சின்ன உடம்போடு நான்கு ஆண்டு அடி வாங்கி ஓடியவர். அவர் காலத்து விதிப்படி அவர் எடுத்தது எடுத்ததுதான். ஆனால் ஒரே பட்டியலில் இரண்டு அளவுகோலை வைத்துவிட்டு மேல் கீழ் என்று வரிசைப்படுத்துவது நியாயமில்லை. பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு அன்று வந்த கோபத்தை நான் பார்த்தேன். 246, 36, 246, 200 என்று என் வீட்டு மேசையில் எழுதிக் காட்டி, "கூட்டிப் பார், நீயே கூட்டிப் பார்" என்றார்.

டேய்னுக்கு இதே அநியாயம் இன்னொரு இடத்திலும் நடந்திருக்கிறது, அதைப் பலர் கவனிப்பதில்லை. 1996-ல் முதலாண்டு மாணவராக அவர் எடுத்தது அதிகாரபூர்வமாக 1,863, பவுலைச் சேர்த்தால் 2,109. 2004-ல் ஓக்லஹோமாவின் ஏட்ரியன் பீட்டர்சன் 1,925 எடுத்து முதலாண்டுச் சாதனையை வாங்கிக்கொண்டார். 2017-ல் நம் ஊர் ஜோனதன் டெய்லர் 1,977 எடுத்து அதை மறுபடி மேடிசனுக்கே கொண்டுவந்தார். இருவர் கணக்கிலும் பவுல் உண்டு. நிஜத்தில் ஓடிய யார்டைப் பார்த்தால் 2,109-ஐ இருவருமே தொடவில்லை.

அதனால் இந்த எண்கள் எதைப் பார்த்தாலும் முதலில் எத்தனை ஆட்டம் என்று கேளுங்கள். நாம் கிரிக்கெட்டில் ஓட்டத்தைக் கேட்டதும் எத்தனை இன்னிங்ஸ் என்று கேட்பதில்லையா, அப்படித்தான். ஒரே சீசனில் அதிக யார்டு ஓடியவர் ஓக்லஹோமா ஸ்டேட்டின் பேரி சாண்டர்ஸ். 1988-ல் 2,628, அதுவும் 11 ஆட்டத்தில். பவுலில் ஓடிய 222 அதில் இல்லை. 2014-ல் விஸ்கான்சினின் மெல்வின் கார்டன் 2,587 எடுத்தார், பவுலோடு சேர்த்து 14 ஆட்டம். 2024-ல் பாய்ஸி ஸ்டேட்டின் ஆஷ்டன் ஜென்டி 2,601, அதுவும் 14 ஆட்டம். சாண்டர்ஸைத் தொட 27 யார்டு தட்டிவிட்டது.

கார்டன் பெயரைச் சொன்னதும் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. 2014 நவம்பர் 15, நெப்ராஸ்காவோடு ஆட்டம். அன்று நான் மைதானத்தில் இருந்தேன். பனித்தூள் விழுந்துகொண்டிருந்தது, பெஞ்சு உட்கார முடியாத சில்லிப்பு. மூன்றாம் காலின் கடைசி ஓட்டத்தில் கார்டன் 26 யார்டு ஓடி, எதிரணியின் எல்லைக் கோட்டைத் தாண்டி டச்டவுன் போட்டார். பலகையில் 408 வந்தது. 1999-ல் டெக்சஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகத்தின் லடேனியன் டாம்லின்சன் எடுத்திருந்த 406 போயிற்று. வெறும் 25 கேரி. மூன்றாம் கால் முடிந்ததும் பாட்டுப் போட்டு மைதானமே குதிப்பது இங்கே வழக்கம். அன்று குதித்ததில் காலுக்குக் கீழே கான்கிரீட் அதிர்ந்தது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. நான்காம் காலில் அவரை இறக்கவே இல்லை, ஆட்டம் ஏற்கனவே ஜெயித்தாகிவிட்டது. இன்னும் நாலு கேரி கொடுத்திருந்தால் என்று இந்த ஊரில் இன்றும் ஏங்குகிறவர்கள் உண்டு. ஏனென்றால் சரியாக ஒரு வாரம் கழித்து ஓக்லஹோமாவின் சமாஜே பெரைன் கேன்சஸ் அணிக்கு எதிராக 427 ஓடிவிட்டார்.

இன்னொன்று கேட்டீர்கள்: "ஏன் எப்போதும் ஓடியவர்களைப் பற்றியே பேசுகிறார்கள், வீசுபவர்களைப் பற்றிப் பேச்சே இல்லை?" விஸ்கான்சின் சாதனைப் பட்டியலே அப்படித்தான். டேய்ன், டெய்லர் 6,174, மான்டி பால் 5,140, கார்டன் 4,915. இதில் டெய்லர் ஆடியது மூன்றே ஆண்டு. மான்டி பால் 2011-ல் ஒரே சீசனில் 39 டச்டவுன் போட்டு சாண்டர்ஸின் எண்ணைச் சமன் செய்தவர். வீசுவதிலோ, வாழ்நாள் மொத்தத்தில் ஏழாயிரத்துச் சொச்சம் யார்டு வீசினாலே இங்கே முதல் வரிசை. ஹூஸ்டனில் கேஸ் கீனம் வீசியது 19,217! இங்கே ஒரு சீசன் மட்டும் வந்து ஆடிய ரஸ்ஸல் வில்சன் 2011-ல் 33 டச்டவுன் வீசினார், அதற்கே ஊர் அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடியது.

காரணம் பந்துக்கு முன்னால் நிற்கும் ஐந்து பேர், ஆஃபென்சிவ் லைன். ஆளுக்கு 140 கிலோவுக்கு மேல். எதிரணியை மார்போடு மார்பாகத் தள்ளி வழி திறப்பது அவர்கள் வேலை. பாரி ஆல்வரெஸ் 1990-ல் பயிற்சியாளராக வந்தபோது முதல் ஆண்டு ஒரே ஒரு ஆட்டம்தான் ஜெயித்தார்கள். அவர் அணியைக் கட்டியதே இந்த லைனிலிருந்து. இப்போது நான் சொல்லப்போவதுதான் எனக்கு முக்கியம், தம்பி. இந்த ஐந்து பேருக்கு ஸ்கோர் அட்டையில் ஒரு கட்டம் கூடக் கிடையாது. ஓடியவருக்கு யார்டு, வீசியவருக்கு யார்டு, பிடித்தவருக்கு யார்டு, மடக்கியவருக்கும் கணக்கு உண்டு. வழி திறந்தவனுக்கு ஒன்றுமே இல்லை. 1999-ல் இடது ஓரம் நின்று டேய்னுக்கு வழி திறந்த கிறிஸ் மக்கின்டாஷ் அணித்தலைவர். பிறகு 2021-ல் இந்தப் பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் துறைக்கே தலைமை ஏற்றார். 7,125 என்ற எண்ணில் அவர் பங்கு எத்தனை யார்டு என்று எந்தப் புத்தகமும் சொல்லாது. இதே இடது ஓரத்தில் நின்ற ஜோ தாமஸ், மில்வாக்கிக்குப் பக்கத்து ப்ரூக்ஃபீல்டுக்காரர். 2006-ல், லைனில் நிற்பவர்களில் சிறந்தவருக்குக் கொடுக்கும் அவுட்லேண்ட் விருது வாங்கினார். அவருக்கு ஒரு எண் கிடைத்தது, ஆனால் அது தொழில்முறைக்குப் போய், கிளீவ்லாண்டில்: ஒரு முறைகூட வெளியே உட்காராமல் தொடர்ந்து 10,363 ஸ்னாப். ஆட்டம் தொடங்கப் பந்தைக் கைமாற்றும் ஒவ்வொரு முறையும் ஒரு ஸ்னாப். தள்ளியதை எண்ண வழியில்லாமல், நின்றதை எண்ணியிருக்கிறார்கள். என்னைக் கேட்டால் இந்த ஊரோடு சம்பந்தப்பட்ட எண்களில் பெரியது அதுதான்.

லேபில் அடுத்த முறை வாக்குவாதம் வந்தால் "முன்னால் நின்றது யார்?" என்று கேட்டுப் பாருங்கள். உங்களை உட்காரவைத்து காபி வாங்கித் தந்து சொல்லுவார்கள். நான் இந்த ஊர்க்காரர்களோடு பழகத் தொடங்கியதே அப்படிப்பட்ட கேள்விகளால்தான். ஆட்டம் தெரிந்ததுபோல் பேச வேண்டியதில்லை. கேட்கத் தெரிந்தால் போதும்.

மைதானத்துக்கு ஒரு முறையாவது போங்கள். மாணவர் சீட்டு சீசனுக்கு முன்பே தீர்ந்துபோயிருக்கலாம், ஆனால் ஒரு வாரம் ஊருக்குப் போகிற நண்பர்கள் தங்கள் சீட்டைக் கைமாற்றித் தருவார்கள், லேபிலேயே கேளுங்கள். நவம்பர் ஆட்டம் என்றால் காலுக்கு இரண்டு சாக்ஸ், உட்கார மடித்த அட்டைப்பெட்டி ஒன்று, இது இரண்டும் இல்லாமல் போகாதீர்கள். முதல் காலில் பந்தைப் பார்க்காதீர்கள். இடது ஓரத்தில் நிற்கிற பெரிய ஆளை மட்டும் பாருங்கள், ஓடுபவர் எந்தப் பக்கம் வருவார் என்பது தானாகப் புரியும்.

பெரியவர் இப்போது இல்லை. அவருடைய பென்சில் தாள், 99-லிருந்து கழித்துக்கொண்டு வந்தது, என்னிடம் இருக்கிறது. அவர் மகள் கொடுத்தது. அடுத்த சொந்த ஊர் ஆட்டத்தன்று காலை சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடுங்கள், காட்டுகிறேன். இட்லி, சாம்பார். சாப்பிட்டுவிட்டு அங்கிருந்து நடந்தே போய்விடலாம்.